கடலுக்குக் காது பூட்டுகிறவள்

கீரிமலையிலிருந்து கடற்கரையோடு கிழக்கே போனால் வேலந்துறை என்றொரு சின்னத் துறை வரும். அங்கே இறங்கி, "படகிலை பூட்டின ஃபிஷ் ஃபைண்டர் சரியோ எண்டு சொல்லுற ஆள் ஆர்?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருக்கிறவன் வேலையிலிருந்து கையை எடுக்கமாட்டான். தாடையை மட்டும் நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டி, "எங்கடை றஜனி" என்பான். அந்த "எங்கடை"யில் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் இதே வாய்கள் கொஞ்சக் காலத்துக்கு முன் அவளைப் பற்றி என்னென்ன கதைத்தன என்பதை இப்போது எல்லாரும் மறந்துவிட்டது போல நடிக்கிறார்கள். நடிக்கட்டும். நடந்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் போகவில்லை.

றஜனி பிறந்தது வேலந்துறையில்தான். அவளுக்கு ஐந்து வயதில், சண்டை வந்து ஊரே வெளிக்கிட்டது. கொக்குவிலில் தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. கடலில் கரைவலை இழுத்த தகப்பன் அங்கே சைக்கிளில் மீன் விற்றார். மகள் படித்தாள், மின்னியல் பழகினாள், யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஃபோன் திருத்தும் கடையில் வேலை செய்தாள். செத்த ஃபோனை அவள் கையில் கொடுத்தால் எழும்பி உட்காரும் என்று பெயர் எடுத்தவள். அடக்கம் என்ற சாமான் மட்டும் அவளிடம் கிடையாது. "இதை ஆர் திருத்தினது?" என்று கேட்டால் "நான்தான், வேறை ஆர்?" என்பாள். அவளைப் போலவே இடம்பெயர்ந்த வேலந்துறைக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஜெயதீபனைக் கட்டினாள்.

பிறகு ஒரு நாள், இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளை விட்டார்கள். சனம் திரும்பி வந்து பார்த்தால் வீடுகளின் நிலம் பெயர்ந்து கிடந்தது. கிணறுகள் இருந்தன. கடல் இருந்தது. ஆனால் கடலில் எங்கே போய் வலை போடுவது? முந்தி, கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் ஒரே நேராகப் பிடித்து, இந்த இடத்தில் இன்ன பார் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு, மீன் குடியிருக்கிற இடம். இப்போது கோபுரமும் இல்லை, பனையும் இல்லை. பார் மட்டும் கடலுக்குக் கீழே பத்திரமாக இருந்தது, யாருக்கும் தெரியாமல்.

அப்படித்தான் ஃபிஷ் ஃபைண்டர்கள், கடலடியையும் மீனையும் திரையில் காட்டுகிற பெட்டிகள், வேலந்துறைக்கு வந்தன. ஜெயதீபன் எங்கோ பழையது ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். அது இரண்டு நாளில் கண்ணை மூடிவிட்டது. றஜனி அதைப் பிரித்தாள். பிரித்தது சும்மா இல்லை, அந்தக் கையடக்கப் பெட்டிக்குள் இருந்த புத்தியைப் பார்த்து மயங்கிப்போனாள். சமைக்க மறந்தாள். அன்று வீட்டில் கடையில் வாங்கின பாணும் சம்பலும்தான்.

பெட்டியோடு வந்த விளக்கத்தில், தண்ணீருக்குள் சத்தம் காற்றில் போவதைப் போல நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும் என்று இருந்தது. வாசித்ததை அப்படியே நம்புகிற ஆள் இல்லை றஜனி. மச்சாள் வித்தியாவை இழுத்துக்கொண்டு கீரிமலைக்குப் போனாள். பெண்கள் குளிக்கிற கேணியில் வித்தியாவை ஒரு மூலையில் தலையை முங்கச் சொல்லிவிட்டு, தான் மற்ற மூலையில் முங்கி இரண்டு கல்லைத் தட்டினாள். நேர்த்திக்கு நீராட வந்திருந்த பெண்கள், வளர்ந்த பெண்கள் இரண்டு பேர் இப்படி மூழ்கி மூழ்கி எழும்புவதைப் பார்த்து முகத்தைச் சுழித்தார்கள்.

"கேட்டதே?" என்றாள் றஜனி, மூக்கால் தண்ணீர் வடிய.

"கேட்டதோ? காதுக்குப் பக்கத்திலை தட்டின மாதிரிக் கிடக்கு மச்சாள். ஆனா எந்தப் பக்கத்திலை இருந்து எண்டுதான் தெரியேல்லை. மண்டைக்குள்ளையே தட்டுப்படுது."

றஜனி இடம் மாறி மாறித் தட்டினாள். வித்தியா ஒவ்வொரு தரமும் பிழையான பக்கத்தைக் காட்டினாள். வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது றஜனிக்கு விளங்கியது. தரையில் ஒரு சத்தம் ஒரு காதுக்கு முந்தியும் மற்றக் காதுக்குச் சற்றுப் பிந்தியும் வருவதால்தான் பக்கம் தெரிகிறது. தண்ணீருக்குள் சத்தம் அவ்வளவு வேகம், இரண்டு காதுக்கும் ஒன்றாகவே வந்துவிடுகிறது. மனிதக் காது தரைக்குச் செய்தது. பெட்டி வேறு விதமாக யோசிக்கிறது. அது ஒரு துடிப்பைக் கீழே அனுப்பிவிட்டு, அது எதிலாவது முட்டித் திரும்பி வரும்வரை நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. நேரம் தெரிந்தால் ஆழம் தெரியும். நிலத்தில் முட்டி வருவது ஒரு விதம். மீனில் முட்டி வருவது ஒரு விதம். அதுவும் மீனின் சதையில் முட்டி வருவது கொஞ்சம்தான். மீனின் வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப் பையில் முட்டித்தான் பெரும் பங்கு திரும்பி வருகிறது. தண்ணீரில் வேகமாக ஓடுகிற சத்தம் காற்றைக் கண்டதும் உள்ளே போகமாட்டேன் என்று திரும்பிவிடும். அந்தப் பை இல்லாத திருக்கையும் சூரையும் பெட்டிக்கு மங்கலாகத்தான் தெரியும்.

"இதைக் கண் எண்டு சொல்லாதேங்கோ. இது காது" என்று அவள், துறையோரம் ஒரு சின்னக் கடை போட்டு, படகுக்காரர்களிடம் சண்டை பிடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். படகின் பின்பலகையில், தண்ணீருக்குள் இருக்கும்படி பூட்டுகிற கறுப்புக் குமிழ்தான் அந்தக் காது. அதைத் துளி சரிவாகப் பூட்டினாலும் பெட்டி உளறும். இஞ்சின் கிளப்புகிற நுரை படுகிற இடத்தில் பூட்டினால் செவிடாகும். றஜனி படகைக் கரையில் ஏற்றி வைத்து, அடியில் படுத்துக் கிடந்து, நூல் பிடித்துப் பூட்டுவாள். பிறகு கடற்தண்ணீர் நிரப்பின பெரிய நீலப் பீப்பாவுக்குள், பரல் என்பார்கள், குமிழை இறக்கித் துடிக்கிறதா என்று பார்ப்பாள். அவளுடைய சோதனை அந்தப் பரலோடு சரி. கடலில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது ஆண்களின் வேலை. வேலந்துறையில் பெண்கள் தொழிலுக்குப் போகிற படகில் ஏறுவதில்லை. ஏன் என்று கேட்டால், ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

எனவே நடந்தது என்னவென்றால், துறையின் பாதிப் படகுகளுக்குக் காது பூட்டியவள் ஒரு காதாவது கடலில் கேட்டதைத் தன் கண்ணால் கண்டதில்லை. படகுக்காரர் ஃபோனில் எடுத்து வருகிற வீடியோவைப் பார்த்துத்தான் "ஓம், இது பார். உது மீன். உங்கை உது உங்கடை இஞ்சின் நுரை" என்பாள். அது அவளுக்கு உள்ளூர ஒரு எரிச்சல். சமைத்தவள் வாயில் வைக்காமல் ஊருக்குப் பரிமாறுகிறது போல.

சோமசேகரம், கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர். ஆள் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. அவர் சொன்னால் வேலந்துறை தலையாட்டும், பிறகுதான் யோசிக்கும். நெடுநாள் பெட்டியை நம்பாதவர், மருமகன் நிருஷனின் நச்சரிப்புத் தாங்காமல் தன்னுடைய புதுப் படகு "நாகேஸ்வரி"க்கு ஒன்று பூட்டச் சொன்னார். துறையே பார்த்துக்கொண்டிருந்த வேலை. றஜனி அதை மூன்று தரம் அளந்து பூட்டினாள். பரலில் சோதித்தாள். மறுநாள் விடிய, தேங்காய் உடைத்துப் படகை இறக்கினார்கள்.

சோளகக் காற்றுத் தொடங்கி, வடகரை குளம் போலக் கிடந்த நாள் அது. நாகேஸ்வரியின் திரையில் நிருஷன் கண்டது நீலம் மட்டும்தான். நிலம் சில நேரம் கோடாக வந்தது, சில நேரம் இல்லை. கீழே மணல்தான் என்று நினைத்துப் புது வலையை இறக்கினான். இறக்கிய இடம் பார். வலை பாறையில் மாட்டி நார் நாராகக் கிழிந்து வந்தது. பக்கத்தில் நின்ற படகுகள், அதே றஜனி பூட்டின பெட்டிகளோடு, மீன் நிறைந்து கரைக்கு வந்தன என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற நேரமா அது? சோமசேகரம் கிழிந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே றஜனியின் கடை வாசலுக்கு வந்தார்.

"இந்தா, உன்ரை காது பார்த்த வேலை!"

வலையை வாசலில் போட்டார். சனம் கூடியது. "கடல் சாமானிலை பொம்பிளையள் கை வைச்சா இப்பிடித்தான் வரும். எனக்கு அப்பவே தெரியும். மருமோன்தான் கேக்கேல்லை."

கூட்டத்தில் தலைகள் ஆடின. ஒரு கிழமைக்கு முன் பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு பேர், தங்களுக்கு இப்போது வேண்டாம் என்று அங்கேயே சொன்னார்கள். இன்னொருவன், தன் படகில் பூட்டினதையும் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டான். நேற்று வரை அந்தப் பெட்டியைக் கொஞ்சாத குறையாக வைத்திருந்தவன்! றஜனிக்குக் காது மடல் சிவந்தது. யாழ்ப்பாணத்தில் ஃபோன் திருத்தின கை இது. ஊருக்குத் திரும்பி வந்து, கல்லும் முள்ளும் பொறுக்கின இடத்தில் தகரம் அடித்துத் தொடங்கின கடை இது. இன்றைக்கு இந்தக் கூட்டத்தின் முன் வாயை மூடினால் நாளைக்குக் கடையில் ஈ ஓட்டவேண்டியதுதான்.

"மாமா, பெட்டியிலை பிழை இருக்கலாம். ஆனா பூட்டினதிலை பிழை இருக்காது. எங்கடை வீட்டுக் கையாலை ஒரு பிழை வந்திருக்கு எண்டால் அண்டைக்கே கடையை இழுத்து மூடுறன். பிறகு இந்தத் துறையிலை ஒரு ஆணியும் அடிக்கமாட்டன். சரியே?"

"சரி. பிழை இல்லையெண்டு எப்பிடிக் காட்டுவாய்?"

"கடலிலை காட்டுறன். உங்கடை போட்டிலை நானும் வாறன்."

வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் நின்ற சோமசேகரத்தின் மனைவி பாலேஸ்வரிதான் முன்னுக்கு வந்தாள். வீட்டில் புருசனின் குரலுக்குப் பயப்படாத ஒரே சீவன் அவள்.

"என்ன எல்லாரும் முழிக்கிறியள்? வருஷா வருஷம் தீர்த்தத் திருவிழாவுக்கு அம்மாளைப் போட்டிலை ஏத்திக் கடலுக்குக் கொண்டுபோறியளே, அவ என்ன ஆம்பிளையே?"

சோமசேகரம் றஜனியின் பக்கம் திரும்பினார். "விடியக் காலமை வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போனார். ஜெயதீபன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். ஆள் அப்படித்தான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கமாட்டான். வெள்ளிக்கிழமை விரதம், காலையில் நெற்றி நிறையத் திருநீறு, மிச்ச நேரம் கடல், இதுதான் அவனுடைய உலகம். மனைவியின் வேலையைப் பற்றி நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல் அவன் வாயில் வந்து அவள் கேட்டதில்லை.

விடிந்ததும் நாகேஸ்வரியில் நாலு பேர் ஏறினார்கள். முன்னுக்குச் சோமசேகரமும் நிருஷனும், பின்னுக்கு ஜெயதீபனும் றஜனியும். கரையில் நின்ற சனத்தைப் பார்த்தால் திருவிழாவென்று நினைக்கலாம். சிலர் அவள் அலைக்குத் தலை சுற்றிச் சத்தியெடுப்பாள் என்று காத்திருந்தார்கள். அவள் எடுக்கவில்லை. முதல் அலை தூக்கிப் போட்டபோது பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். கண் திரையை விட்டு அசையவில்லை.

திரை நீலமாகத்தான் இருந்தது.

பாட்டரி சரி. வயர் சரி. பூட்டின இடத்தில் ஒரு அரை விரல் கூட நகரவில்லை. வலை கிழிந்த இடம் வந்ததும் இஞ்சினை நிறுத்தச் சொன்னாள். நுரை அடங்கியது. அப்போதும் நீலம்.

"இஞ்சை எவ்வளவு தண்ணி?"

நிருஷன் கயிற்றில் ஈயம் கட்டி இறக்கினான். "ஆறு பாகம். அடியிலை கல்."

ஆறு பாகத்தில், ஆறு ஆள் ஆழத்தில், கல் இருக்கிறது, பெட்டிக்குக் கேட்கவில்லை. பெட்டி துடிக்கிறது, துடிப்பு வெளியே போகவில்லை, அல்லது போனது உள்ளே வரவில்லை. காது அடைத்திருக்கிறது. அடைத்தது எது? சோமசேகரமும் நிருஷனும் முன்பக்கத்தில் நங்கூரக் கயிற்றோடு நின்ற நேரம், றஜனி பின்பலகையில் குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். குமிழின் முகத்தைத் தடவினாள். கண்ணாடி போல வழவழப்பாக இருக்கவேண்டிய முகம் அது.

விரலில் மேடு தட்டுப்பட்டது. குறுக்காக ஒரு மேடு. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. நடுவில் வட்டமாக ஒரு பொட்டு.

அந்த மூன்று கோட்டையும் அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் எந்த நெற்றியில் பார்க்கிறாள் என்பதும் தெரியும். கையை வெளியே எடுக்காமலே தலையைத் திருப்பினாள். ஜெயதீபனின் முகத்தில் இரத்தம் இல்லை.

"நீங்களே?"

அவன் மெல்லக் கதைத்தான். "நீர் பூட்டின எல்லாத்துக்கும் திருநீறு பூசிறனான். போட் இறக்க முந்தி. அது தண்ணியிலை கரைஞ்சு போயிடும். இது தலைவற்றை போட்... ஊரே பாக்குது. நிண்டு பிடிக்கட்டும் எண்டு, போட்டின்ரை அடி பொத்தின ஃபைபர் பேஸ்ட் மிச்சம் கிடந்தது, அதாலை இழுத்துவிட்டன். உம்மடை வேலையிலை ஆரின்ரை கண்ணும் படக்கூடாது எண்டுதான்..."

ஃபைபர் பேஸ்டைக் குழைக்கும்போது அதற்குள் காற்றுக் குமிழிகள் ஆயிரம் போய் இறுகிவிடும். சத்தம் காற்றைக் கண்டால் திரும்பிவிடும் என்பதைக் கீரிமலைக்குப் போய்வந்த நாள் தொடங்கி எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள்! வீட்டில் ஒருவனுக்குச் சொல்ல மறந்துபோனாள். அவளுக்கு அவனைக் கடலில் தள்ளிவிடலாம் போலிருந்தது. அதே நேரத்தில் அழுகையும் வந்தது. ஒரு நல்ல சொல் சொல்லாத மனுசன், ஒவ்வொரு படகுக்கும் முன்னால் யாரும் எழும்ப முந்திப் போய், அவள் கை பட்ட இடத்துக்குத் திருநீறு பூசிவிட்டு வந்திருக்கிறான். வலை கிழிந்ததும் இவனால்தான். நேற்று வாசலில் அவள் வாங்கின பேச்சும் இவனால்தான். கோபமும் சந்தோஷமும் ஒரே ஆளின் மேல் ஒரே நேரத்தில் வந்தால் மனிதர் என்ன செய்வது?

"மாமா, ஒரு கத்தி தாங்கோ" என்றாள் சத்தமாக.

சோமசேகரம் மீன் வெட்டுகிற கத்தியைக் கொடுத்தார். றஜனி குமிழின் முகத்தில் கீறல் விழாமல், நகத்தாலும் கத்தியின் பிடரியாலும் கெம்பிக் கெம்பி எடுத்தாள். ஒரு கோடு பெயர்ந்தது. திரையில் ஒரு மங்கல் வந்தது. இரண்டாவது பெயர்ந்தது. நிருஷன் "ஏதோ வருது, ஏதோ வருது" என்று கத்தினான். மூன்றாவதும் பொட்டும் பெயர்ந்து கையில் வந்தபோது, நிலம் சிவப்பாகத் தடித்து எழும்பியது. நங்கூரக் கயிற்றில் படகு மெல்ல ஆடி நகர, மணல், மணல், பிறகு செங்குத்தாக ஏறுகிற கல். கல்லின் தோளுக்கு மேலே வளைவு வளைவாக, ஒன்றின் மேல் ஒன்றாக மீன்.

தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்த றஜனி தன் வாழ்க்கையில் முதல் தரம் அதைக் கடலில் கண்டாள். ஃபோனில் பார்த்த சின்ன வீடியோ இல்லை. அவள் குப்புறக் கிடந்த பலகைக்கு நேர் கீழே, ஆறு பாகத்தில், உயிரோடு. அவள் பூட்டின காது அதைக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. முகத்தில் வழிந்தது கடற்தண்ணீரா வேறு தண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை.

சோமசேகரம் தூண்டிலை இறக்கினார். ஈயம் அடியைத் தொடவும் இழுத்தது. விளைமீன், கை நீளத்துக்கு. அடுத்ததும் விளைமீன். மனிதர் குழந்தைப் பிள்ளை போலச் சிரித்தார்.

"எட பிள்ளை, என்ன செய்தனீ? என்ன கிடந்தது அதிலை?"

"மிதந்து வந்த பாசி பிடிச்சிருக்கும் மாமா" என்று நிருஷனே மாமனுக்குப் பதில் சொன்னான். "கடலிலை விட்டா எதிலையும்தான் பிடிக்கும்."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு தலையாட்டல். பாசி கடல் செய்த வேலை, யாருடைய பிழையும் இல்லை. கடை இருக்கும், பெயர் இருக்கும், இன்றைக்குப் பின்னேரமே வேண்டாம் என்றவர்கள் திரும்பி வருவார்கள். கையை விரித்துத் தண்ணீரில் நனைத்தால் அந்தத் துண்டுகள் ஆறு பாகத்துக்குப் போய்விடும். ஜெயதீபன் அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் தலையாட்டு என்றும் இல்லை, ஆட்டாதே என்றும் இல்லை. றஜனி அந்தத் துண்டுகளை ஒரு கணம் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் பூட்டின பெட்டி நிலத்தை நிலம் என்றும் மீனை மீன் என்றும் சொல்கிறது. அந்தப் பெட்டியைப் பூட்டினவள் பேஸ்டைப் பாசி என்று சொல்லலாமா? அவளுடைய கர்வம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நல்ல கர்வம் அப்படித்தான், ஆளுக்கு வசதியான நேரம் பார்த்து விலகி நிற்காது.

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"பாசி இல்லை மாமா. பேஸ்ட். உங்கடை போட்டுக்கு நல்லது வரட்டும் எண்டு இவர் மூண்டு குறி இழுத்தவர். பூட்டினது சரி. ஆனா பிழை எங்கடை வீட்டுக் கையாலைதான். சொன்ன சொல்லுச் சொன்னதுதான், கடையை மூடுறன்."

சோமசேகரம் அந்த வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தார். ஜெயதீபனைப் பார்த்தார். தூண்டிலைச் சுருட்டினார். நிருஷனிடம் இஞ்சினைக் கிளப்பச் சொல்லிப் படகைக் கரைக்குத் திருப்பினார்.

கரையில் அவளே முந்திச் சொன்னாள், எல்லாருக்கும் கேட்கும்படி. வேறு யாரும் சோடித்துச் சொல்ல விடவில்லை. பிறகு போய்த் தகரக் கதவை இழுத்து மூடிப் பூட்டி, திறப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டில் ஜெயதீபன் சோற்றில் கை வைக்காமல் இருந்தான்.

"என்னாலை உம்மடை கடை போச்சு" என்றான்.

"ஓம், போச்சு. வலையும் போச்சு. அதை நாங்கள் ரெண்டு பேருமாப் பொத்திக் குடுப்பம்." அவள் அவனுக்குக் குழம்பு விட்டாள். "ஆனா இஞ்சாருங்கோ, ஒண்டு சொல்லுறன். எனக்கு இண்டைக்கு இருக்கிற சந்தோஷம் என்ரை கலியாணத்துக்கும் இருக்கேல்லை. இனிமேல் என்னிலை பெருமையெண்டால் வாயாலை சொல்லுங்கோ. பேஸ்டாலை வேண்டாம்."

மறுநாள் காலையில் கடை வாசலில் சோமசேகரம் நின்றார். பின்னால் படகுக்காரர் ஒரு கூட்டம். பெட்டி வேண்டாம் என்ற இரண்டு பேரும், கழற்றித் தரச் சொன்னவனும் முன் வரிசையில்தான். வெட்கம் கெட்ட சனம், ஆனால் நல்ல சனம். தங்கள் படகுகளிலும் இப்படி ஏதும் குறி கிடக்குமோ என்று அவர்களுக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை.

"பிள்ளை, கடையைத் திற."

"திறக்கமாட்டன் மாமா. ஊருக்கு முன்னாலை சொன்ன சொல்லு."

"மெய்தான். சொன்னதைத் திருப்பி விழுங்கச் சொல்லி நானும் கேக்கமாட்டன்." சோமசேகரம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். இப்போது பெரிய குரல் வந்துவிட்டது. "நேற்றுப் பாசி எண்டு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன். சொல்லேல்லை. அப்பிடி ஒரு ஆள்தான் எங்களுக்குக் கடலிலை வேணும். சங்கத்திலை கதைச்சாச்சு. இனி இந்தத் துறையிலை ஆர் பெட்டி பூட்டினாலும், றஜனி போட்டிலை ஏறி, கடலிலை போய்ப் பாத்து, சரி எண்டு சொன்னாத்தான் சரி. பரலுக்குள்ளை பாத்தது போதும்."

"மாமா, கடை..."

"நீ கடையை மூடுறன் எண்டுதானே சொன்னனீ? கடலை மூடுறன் எண்டு சொல்லேல்லையே!"

சிரிப்பு எழும்பியது. றஜனியும் சிரித்துவிட்டாள். யாரோ ஒருவன் தன் படகை மணலிலிருந்து தண்ணீருக்குத் தள்ளினான். இன்னொருவன் தன்னுடையதுதான் முதலில் என்று சண்டைக்கு வந்தான். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி முதல் படகை நோக்கி நடந்தாள். அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கரையில் நின்றவர்கள் இதைப் பார்த்தார்களே தவிர ஒருவரும் அசையவில்லை.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று ஒரு குரல் துறை முழுக்கக் கேட்டது. சோமசேகரத்தின் குரல் இல்லை. எல்லாரும் திரும்பினார்கள். ஜெயதீபன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தான். "போட்டை இறுக்கிப் பிடியுங்கோடா! என்ரை மனுசி ஏறுறா!"

பத்துக் கைகள் ஓடி வந்து படகைப் பிடித்தன. றஜனி ஏறினாள்.